அரசியல் பேசினா யாரும் எந்திச்சுப் போகச் சொல்லாத சாயாக்கடை

அழகியமண்டபத்துல இருந்து வேர்கிளம்பி, திருவட்டாறு போற ரோட்டுல ஒரு சாயாக்கடை இருக்கு. பேர் எழுதின போர்டு கிடையாது, மேப்ல தேடினாலும் வராது, ஓடு போட்ட பழைய கட்டிடம், முன்னால பெரிய அயனி மரம், அதுக்கு அடியில ரெண்டு பெஞ்சு, எப்பவும் நாலஞ்சு பைக்கும் மீன் பெட்டி கட்டின ஒரு டிவிஎஸ்ஸும் நிக்கும், அதுதான் அடையாளம். கடைக்காரர் பேரை ஆன்லைன்ல போடாண்டாம்னு சொல்லிட்டாரு, அதனால அண்ணாச்சின்னே எழுதுறேன், அங்க வாற எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுறது.

சாயா நல்லா இருக்குன்னு மட்டும் சொல்றதுக்கு இவ்ளோ நீளமா எழுத மாட்டேன். நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுல நிறைய டீக்கடையில "இங்கு அரசியல் பேசக்கூடாது"ன்னு ஒரு அட்டை தொங்கும், பாத்திருப்பீங்க. கடை நடத்துறவங்க பயம் புரியுது. காங்கிரஸ், பிஜேபி, கம்யூனிஸ்டு எல்லாத்துக்கும் ஆள் பலம் இருக்குற ஜில்லா, 2014ல பிஜேபிய ஜெயிக்க வச்சு 2019ல காங்கிரஸுக்கு மாத்திப் போட்ட தொகுதி, ஒரே தெருவுல கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் இருக்கும், ஒரு பேச்சு கூடிப்போனா கிளாஸ் உடையும். இந்த அண்ணாச்சி அந்த அட்டைய மாட்டவே இல்ல. மாட்டாம, சண்டையும் வராம, இத்தனை வருஷமா கடைய கொண்டு போறாரு. அது எப்படின்னுதான் எழுத வந்தேன்.

மொதல்ல சாயா. காலையில நாலு மணிக்கெல்லாம் பாய்லர் கொதிச்சுக்கிட்டு இருக்கும், ரப்பர் பால்வெட்டுக்கு போறவங்கதான் மொத கஸ்டமர், அவங்களுக்கு பெரும்பாலும் பால் விடாத கட்டன். பக்கத்து வீடுகள்ல கறக்குற பால்தான் எடுக்கிறாரு, பாக்கெட் பால் அவசரத்துக்கு மட்டும். தூள கணக்கு பாக்காம போட்டு நல்லா இறக்கி, ரெண்டே ஆத்து ஆத்தி நுரையோட தருவாரு, கடைசி வாய் வரைக்கும் கடுப்பம் குறையாது. சர்க்கரை மட்டும் கூடுதல், இது எல்லாரும் சொல்ற குறைதான். ஏழு மணிக்கு ரசவடை வரும், நாகர்கோவில் பக்கம் கிடைக்குற அதே ருசி, ரசத்துல ஊறி உள்ள வரைக்கும் புளிப்பும் காரமும் ஏறியிருக்கும் ஆனா உடையாது. சாயங்காலம் நாலு மணிக்கு ஏத்தம்பழத்துல பழம்பொரி, நல்ல பழுத்த பழமா பாத்து போடுவாரு, எண்ணெய் குடிக்காது. சனிக்கிழமை மட்டும் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும், பத்து மணிக்குள்ள தீந்துரும்.

அடுத்து பேப்பர். சின்ன கடையில இவ்ளோ பேப்பர் நான் வேற எங்கயும் பாத்ததில்ல. தினத்தந்தி, தினமலர், தீக்கதிர், முரசொலி, மலையாளம் வாசிக்கிறவங்களுக்கு மனோரமா. எல்லாம் அவர் கைக்காசு. ஒரு தடவ ஒரு கட்சிக்காரர் வந்து "அண்ணாச்சி அந்தப் பேப்பர ஏன் வாங்கிப் போடுதீரு, நம்ம பயலுவ கெட்டுப் போவானுவ"ன்னு சொன்னாரு, நான் பக்கத்துல இருந்து கேட்டேன். அண்ணாச்சி சாயா ஆத்திக்கிட்டே "நான் காசு குடுத்து வாங்குத பேப்பர், நான் மரியாதையா மடக்கி வைக்கேன், ஒமக்கு பிடிக்கலன்னா வேற பேப்பர் எடுத்துக்கிடும்"னு சொல்லி கிளாஸ நீட்டினாரு. அவ்வளவுதான். அவரு வாங்கிக் குடிச்சுட்டு மறுநாளும் வந்தாரு.

எனக்கு லிபர்டேரியன் சிந்தனை மேல ரொம்ப நாளா ஈடுபாடு உண்டு. அடுத்தவன் உடம்பு மேலயும் சொத்து மேலயும் கை வைக்காத வரைக்கும், ஒருத்தன் என்ன நெனைக்கான் என்ன பேசுதான் என்ன உடுக்கான் யாரைக் கும்பிடுதான்ங்கிறதுல அரசாங்கத்துக்கு வேலை இல்லங்கிறதுதான் அதோட அடிப்படை. இந்தக் கணக்குல பாத்தா அரசியல் பேசாதேன்னு அட்டை மாட்டுறதும் அந்த கடைக்காரரோட உரிமைதான், அவர் இடம், அவர் பெஞ்சு. அதைத் தணிக்கைன்னு சொல்லி சண்டைக்குப் போறது தப்பு, எனக்கு வேணாம்னா நான் வேற கடைக்குப் போகலாம், யாரும் தடுக்கல. போலீசும் கோர்ட்டும் கையில வச்சிருக்குற அரசாங்கம் வாய மூடுன்னு சொல்றது வேற விஷயம், அதுக்கு வேற கடை கிடையாது. இந்த ரெண்டையும் போட்டு குழப்பிக்கிறவங்க ரொம்ப பேர்.

அண்ணாச்சி கடையிலயும் வரம்பு உண்டு. யார் மேலயும் கை வைக்கப்பிடாது, யார் வீட்டுப் பொம்பளையளயும் பேச்சுல இழுக்கப்பிடாது. எழுதி ஒட்டல, எல்லாருக்கும் தெரியும். ஒருத்தன் எலக்‌ஷன் நேரத்துல இன்னொருத்தன் சட்டைய பிடிச்சான், சாயா காச கூட வாங்காம போகச் சொல்லிட்டாரு, ஒரு மாசம் இந்தப் பக்கம் வராண்டாம்னு சொன்னாரு. பிடிச்சவன் அண்ணாச்சியோட சொந்தக்காரன், பிடிபட்டவன் அண்ணாச்சிக்கு ஆகாத கட்சி. அதுக்குப் பிறகு அங்க அந்த வரம்ப யாரும் தாண்டி நான் பாக்கல.

இதுக்கு மேல அவர்கிட்ட ஒரு பழக்கம் இருக்கு, அதுதான் எனக்கு இந்தக் கடையில ரொம்பப் பிடிச்சது. சூடா பேச்சு போகும்போது நடுவுல ஒரே ஒரு கேள்வி போடுவாரு, "உங்க ஆளுவ ஆட்சியில இதையே செஞ்சாலும் இப்படித்தான் பேசுவியாடே?"

2021ல அருமனையில ஒரு கூட்டத்துல ஒரு பாதிரியார் பேசின பேச்சு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். விசாரணைக் கைதியா இருக்கும்போதே இறந்து போன பாதிரியார் ஸ்டேன் சுவாமிக்கு அஞ்சலி கூட்டம், அதுல பாரத மாதாவையும் பிரதமரையும் பத்தி மோசமா பேசினார்னு வீடியோ பரவி, கேஸ் போட்டு கைது பண்ணினாங்க. 2022 ஜனவரியில ஐகோர்ட் மதுரை கிளை சில பிரிவுகள ரத்து பண்ணிச்சு, ஆனா மத நம்பிக்கைய அவமதிக்கிறது, ஆட்களுக்குள்ள பகை மூட்டுறது பத்தின 295ஏ, 153ஏ, 505(2) மூணையும் ரத்து பண்ண மாட்டேன்னு சொல்லிச்சு. இந்த விஷயம் கடையில இப்பவும் அப்பப்ப கிளம்பும். ஒரு தடவ ஒரு ஆட்டோக்காரர், "எங்க நம்பிக்கைய செருப்புக்கு சமமா பேசினவன உள்ள வைக்காம என்ன செய்ய"ன்னு கொதிச்சாரு. எதிர்த்த பெஞ்சுல இருந்த ஒரு சர்ச் கமிட்டிக்காரர் "பேச்சுரிமைன்னா இதுவும்தான், இந்து ராஷ்டிரம்னு மேடை போட்டு பேசுதவங்கள எவன் பிடிச்சான்"னாரு. அண்ணாச்சி ஆட்டோக்காரர பாத்து, "ஒங்க மேடையில பேசினவர் மேல போன வருஷம் கேஸ் வந்தப்ப பொய் கேஸுன்னியே"ன்னாரு. அப்படியே கமிட்டிக்காரர் பக்கம் திரும்பி, "ஒங்க சர்ச் மாதாவ பத்தி நாளைக்கு ஒருத்தன் இதே பாணியில பேசினா, பேச்சுரிமைன்னு நீரு சாயா குடிச்சுக்கிட்டு இருப்பீரா வே?" ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசல. பிறகு கமிட்டிக்காரர்தான் ஆரம்பிச்சாரு, "கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா ஜெயில்ல போடச் சொல்ல மாட்டேன்"ன்னாரு. ஆட்டோக்காரர் ஒத்துக்கல, ஆனா அதுக்குப் பிறகு சத்தம் போடாம பேசினாரு.

என்னோட கருத்த சொல்லிருதேன். அந்தப் பேச்சு அசிங்கமான பேச்சு, அடுத்தவன் கும்பிடுறத கேவலப்படுத்துறதுல ஒரு வீரமும் இல்ல. ஆனா அதுக்குப் பதில் பேச்சு, கண்டனம், அவர் கூட்டத்துக்கு போகாம இருக்கிறது, இதெல்லாம் போதும். 295ஏ வெள்ளைக்காரன் 1927ல கொண்டு வந்தது, இப்ப இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்த புது சட்டத்துல 299ன்னு நம்பர் மாறி அப்படியே உக்காந்திருக்கு. மனசு புண்படுறத குற்றமாக்கினா யார் மனசு பெருசா புண்பட்டுதுன்னு காட்டுறதுல போட்டி வரும், நூறு பேர கூட்டிட்டு ஸ்டேஷன் முன்னால நிக்கிறவன் மனசுதான் ஜெயிக்கும், நம்ம நாட்டுல அதத்தான பாக்கோம். இன்னைக்கு ஒரு பாதிரியார பிடிச்ச பிரிவு நாளைக்கு ஒரு நாத்திகனையும் பிடிக்கும், ஒரு சுவாமிஜியையும் பிடிக்கும், ஆட்சி மாறினா ஆள் மாறும், பிரிவு மாறாது.

இதுக்கு எதிரா கடையில சொல்லுற ஒரே வலுவான வாதம் 82. 1982ல மண்டைக்காட்டுல ஆரம்பிச்ச இந்து-கிறிஸ்தவ கலவரத்த கண்ணால பாத்தவங்க அங்க ரெண்டு மூணு பேர் வருவாங்க. அதுல ஒரு பெரியவரு, தென்னந்தோப்பு வச்சிருக்காரு, "நீங்கல்லாம் புஸ்தகத்துல வாசிச்சுட்டு சுதந்திரம்ங்கிறிய, அன்னைக்கு கண்டவன் கண்டபடி மைக்ல பேசினதாலதான் கடலோரத்துல உயிர் போச்சு"ம்பாரு. அவர் சொல்லுறத நான் லேசா எடுத்துக்க மாட்டேன். மண்டைக்காடுன்னு பேர் சொன்னாலே எங்க வீட்டுப் பெரியவங்க குரல் இறங்கிரும், துப்பாக்கிச் சூடு நடந்து, நீதிபதி வேணுகோபால் கமிஷன் உக்காந்து விசாரிச்சு, அதோட தழும்பு இன்னும் ஆறல.

ஆனா வரம்பு எங்க போடணும்ங்கிறது ஏற்கெனவே யோசிக்கப்பட்ட விஷயந்தான். இங்கிலாந்து தத்துவவாதி ஜான் ஸ்டுவர்ட் மில் ஒரு உதாரணம் சொல்லுவாரு, தானிய வியாபாரிங்க ஏழைங்கள பட்டினி போடுறாங்கன்னு பத்திரிகையில எழுதினா விடணும், அதையே ஒரு வியாபாரி வீட்டு வாசல்ல கோபமா திரண்டு நிக்குற கும்பல்கிட்ட போய் சொன்னா தண்டிக்கலாம்னு. அதே வார்த்தைதான், இடமும் நேரமும் வேற. 2015 மார்ச் 24ல ஆன்லைன்ல புண்படுத்துற மாதிரி எழுதினா தண்டனைன்னு சொன்ன ஐடி சட்டத்தோட 66ஏ பிரிவ சுப்ரீம் கோர்ட் தூக்கினப்பவும் இந்தப் பிரிவினைதான், ஒரு விஷயத்தப் பத்தி விவாதிக்கிறது வேற, அதை ஆதரிச்சு வாதாடுறது வேற, தூண்டி விடுறது வேற, மூணாவதுக்கு வந்தாத்தான் சட்டம் கை வைக்கலாம். அந்தப் பெரியவர்கிட்ட இதைச் சொன்னேன். "கொளுத்துங்கடான்னு சொன்னவன பிடிக்கணும், சரி, அத மட்டும் பிடிச்சாங்களா அன்னைக்கு"ன்னு திருப்பிக் கேட்டாரு. நியாயமான கேள்வி. தூண்டினவன விட்டுட்டு ஃபேஸ்புக்ல கிண்டல் எழுதினவன பிடிக்கிற போலீசு இருக்குற வரைக்கும் அவருக்கு நான் முழுசா பதில் சொல்ல முடியாது. 66ஏ செத்துப் போன பிறகும் அதுல கேஸ் போட்டுக்கிட்டே இருந்தாங்க, 2022 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் மறுபடி உத்தரவு போட்டுத்தான் நிறுத்தச் சொல்ல வேண்டி வந்தது.

மில் அத எழுதினது 1859. அதே வருஷம் ஜூலை 26ல தான் திருவிதாங்கூர் ராஜா நாடார் பொம்பளைங்க மேல்துணி போடலாம்னு அறிக்கை விட்டாரு, அதுலயும் மேல்சாதிக்காரங்க உடுத்துற மாதிரி உடுக்கக் கூடாதுன்னு ஒரு நிபந்தனை. ஒரு பொம்பள தன் உடம்புல எந்தத் துணிய எப்படிப் போடணும்னு அரண்மனை முடிவு பண்ணின ஊரு இது. நம்ம ஜில்லாவுல சுதந்திரம்ங்கிறது லண்டன்ல இருந்து வந்த சரக்குன்னு யாராவது சொன்னா எனக்கு கோவம் வரும், தோள்சீலைக்காக அடி வாங்கினவங்க மில்ல வாசிச்சுட்டா தெருவுல இறங்கினாங்க.

அண்ணாச்சி கேக்குற அந்தக் கேள்விக்கு நம்ம மண்ணுலயே ஒரு பெரிய உதாரணம் இருக்கு, கடையில யாராவது ஆகஸ்ட் மாசம் கட்டாயம் எடுப்பாங்க. 1954 ஆகஸ்ட் 11. அப்ப நம்ம பகுதி திருவிதாங்கூர்-கொச்சில இருந்தது, தமிழ்நாட்டோட சேக்கணும்னு போராடினவங்க மேல மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் போலீஸ் சுட்டது, ஆள் செத்தது. ஆட்சியில இருந்தது பட்டம் தாணுப்பிள்ளை, பிரஜா சோஷலிஸ்ட் கட்சி. அந்தக் கட்சியோட பொதுச் செயலாளரா இருந்த ராம் மனோகர் லோகியா என்ன சொன்னார் தெரியுமா, மக்கள் மேல சுட்ட அரசாங்கம் ராஜினாமா பண்ணணும்னாரு. சொந்தக் கட்சி ஆட்சி, அதை விட்டுரச் சொன்னாரு. கட்சி ஒத்துக்கல, கடைசியில அவருதான் வெளிய போக வேண்டி வந்தது. லோகியாவோட பொருளாதாரக் கொள்கை எதுலயும் எனக்கு உடன்பாடு கிடையாது, ஆனா இந்த ஒரு காரியத்துக்காக அவர் பேரைச் சொல்லும்போது நான் மரியாதையாத்தான் சொல்லுவேன். இன்னைக்கு எந்தக் கட்சியில இப்படி ஒருத்தர காட்ட முடியும், சொல்லுங்க. எதிர்க்கட்சியா இருக்கும்போது தேசத்துரோகச் சட்டத்த எடுக்கணும்பாங்க, ஆட்சிக்கு வந்தா அதே ஃபைல எடுத்து தூசி தட்டுவாங்க. பக்கத்துல கூடங்குளத்துல போராடினவங்க ஆயிரக்கணக்கான பேர் மேல அந்தத் தேசத்துரோகப் பிரிவு 124ஏ போட்டாங்க, இடிந்தகரைக்கு நம்ம கடலோரத்து ஆளுங்களுக்கும் சொந்தபந்தம் உண்டு. 2022 மே மாசம் சுப்ரீம் கோர்ட் அந்தப் பிரிவ நிறுத்தி வச்சது, 2024 ஜூலை 1ல இருந்து புது சட்டத்துல 152ன்னு வேற பேர்ல வந்து உக்காந்திருக்கு.

2025ல கிராம ஊராட்சியில டீக்கடைக்கும் தொழில் லைசென்ஸ் வேணும்னு விதி வந்தப்ப இந்தக் கடையில நடந்த பேச்சு ரொம்ப நல்லா இருந்தது. கம்யூனிஸ்டுக்காரரும் பிஜேபிக்காரரும் ஒரே பக்கம் நின்னு திட்டினத அன்னைக்குத்தான் பாத்தேன். எதிர்ப்பு கிளம்பி பிறகு அத நிறுத்தி வச்சாங்க. லைசென்ஸ்-பெர்மிட் ராஜ்னு ராஜாஜி சொல்லிட்டு 1959ல சுதந்திரா கட்சி ஆரம்பிச்சப்ப பெரிய முதலாளிங்க கட்சின்னு கேலி பண்ணினாங்க, ஆனா பெர்மிட்டுக்கு அலைய முடியாம கடைய மூடுறது பெரிய முதலாளி இல்ல, நாலு மணிக்கு எந்திச்சு பாய்லர் பத்த வைக்கிறவருதான். பேச்சு சுதந்திரத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னா, லைசென்ஸ் குடுக்கிற கை அத புதுப்பிக்காமலும் இருக்கலாம்லா, லைசென்ஸ் குடுக்கிறவருக்கு எதிரா பெஞ்சுல பேச்சு நடந்தா எந்தக் கடைக்காரர் தைரியமா விடுவாரு? அட்டை மாட்டாத கடைக்காரருக்கு முதல்ல யார் தயவும் இல்லாம கடை நடத்த முடியணும்.

குறையும் சொல்லணும். பெரிய குறை, பொம்பளைங்க. காலையில பால்வெட்டுக்கு போற அக்காமாருங்க கூட தூக்குல பார்சல் வாங்கிட்டு போறாங்களே தவிர உள்ள இருந்து குடிக்கிறது அபூர்வம். நான் என் தங்கச்சிய கூட்டிட்டுப் போனப்ப அண்ணாச்சி மரியாதையா தனி பெஞ்ச துடைச்சுப் போட்டாரு, ஆனா அவ்வளவு நேரம் நடந்த பேச்சு அப்படியே நின்னு போச்சு, எல்லாரும் பேப்பருக்குள்ள தலைய விட்டுக்கிட்டாங்க. அவளுக்கு அந்த லைசென்ஸ் விஷயத்துல சொல்லுறதுக்கு நிறைய இருந்தது, தையல் கடை வச்சிருக்கா. யாரும் பேசாதேன்னு சொல்லல, ஆனா பேசுற மாதிரியும் இல்ல. திரும்பி வரும்போது "அங்க எனக்கு மரியாதைதான் இருந்தது, இடம் இல்ல"ன்னா. அண்ணாச்சிகிட்ட இத நேராவே சொன்னேன், யோசிக்கேன்னாரு. சுதந்திரத்த இவ்ளோ நல்லா காப்பாத்துற கடையில பாதி ஊரு வெளியில நின்னு பார்சல் வாங்குறது எனக்கு மனசுக்கு ஒப்பல.

அப்புறம், ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் வருவாரு, விஷயம் தெரிஞ்சவரு, ஆனா பிடிச்சா விட மாட்டாரு, காலையில எட்டுல இருந்து ஒன்பது வரைக்கும் அவர் ஒருத்தர் குரல்தான் கேக்கும். அமைதியா பேப்பர் வாசிக்கணும்னா அந்த நேரம் வேணாம். டாய்லெட் கிடையாது. கார் நிறுத்த இடம் கிடையாது, வளைவுல நிறுத்தினா பஸ்ஸுக்கு இடைஞ்சல்.

சாயா 12 ரூபா, வடை 10, பழம்பொரி 12. ஜிபே உண்டு. காலை 4ல இருந்து மதியம் 12, பிறகு 3ல இருந்து ராத்திரி 8 வரைக்கும். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வாற கூட்டத்துல ரசவடை கிடைக்காது, ஏழரைக்குள்ள போயிருங்க. சாயாவுக்கு அஞ்சுக்கு நாலு, ரசவடைக்கு அஞ்சுக்கு அஞ்சு, பேச்சுக்கு நாலரை, அந்த அரைய என் தங்கச்சி உள்ள பெஞ்சுல இருந்து ஒரு வாதம் பண்ணி முடிச்ச அன்னைக்கு சேத்துப் போடுறேன். சர்க்கரை குறைச்சுன்னு சாயா ஆத்துறதுக்கு முன்னாலயே சொல்லிருங்க.